டிவி, ஆடியோ ரிப்பேர் தொழில் குறைந்தபின் வேறு வேலைக்கு மாறுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினெட்டு வருடம் டிவி, டேப் ரெக்கார்டர், வீடியோ கேசட் ஓட்டும் விசிஆர், சிடி பிளேயர் என்று பழுது பார்த்தவன் நான். பிறகு தொழிற்சாலை மோட்டார் டிரைவ்களை, அதாவது மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டிகளை, சரிசெய்யும் வேலைக்கு மாறினேன். அதற்கும் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. கடையை வைத்துக்கொள்வதா விடுவதா என்று தவிக்கும் மெக்கானிக்குகள் என்னிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. அவர்களுக்குச் சொன்ன பதில்களை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

தொழில் உண்மையிலேயே முடிந்துவிட்டதா? என் கடைக்கு மட்டும்தான் ஆள் வரவில்லையோ என்று தோன்றுகிறது.

உங்கள் கடைக்கு மட்டும் இல்லை. பிக்சர் டியூப் டிவிக்குள் பழுதாகும் இடங்கள் நிறைய இருந்தன. எல்லாமே கையால் கழற்றி மாற்றக்கூடியவை. ஹாரிசான்டல் அவுட்புட் டிரான்சிஸ்டர் போகும், ஃப்ளைபேக் என்ற உயர் மின்னழுத்த டிரான்ஸ்ஃபார்மர் போகும், வெர்டிகல் ஐசி போய்த் திரையின் நடுவே ஒரே ஒரு வெள்ளைக் கோடு நிற்கும், சூடு பட்டுப் பட்டு சால்டர் இணைப்பு விரிசல்விட்டு ட்ரை சால்டர் வரும். கலர் டிவியில் டியூபுக்குப் போகும் மின்னழுத்தம் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல். அதனால் வீட்டில் யாரும் அதைத் திறக்க மாட்டார்கள், நம்மிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். 2000களின் கடைசியில் எல்சிடி டிவி அந்த இடத்தைப் பிடித்தது. அதில் பேனல் போனால், பேனலின் விலையே புது டிவியின் விலைக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

விசிஆர் கதை இன்னும் சுருக்கம். கடைசிவரை அதைத் தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையோடு நிறுத்திக்கொண்டது. சோனி தன் பீட்டாமேக்ஸ் வீடியோ கேசட்டுகளை அதே வருடம் மார்ச்சில் நிறுத்தியது. ரேடியோ, டேப், கேமரா, கால்குலேட்டர் எல்லாம் ஒரே ஒரு செல்போனுக்குள் போய்விட்டன. முன்பு இவை தனித்தனியாகப் பழுதாகும், ஒவ்வொன்றுக்கும் நம்மிடம் வருவார்கள்.

பாகங்களும் நம் கைக்கு அடங்காமல் சிறுத்துவிட்டன. 0402 என்று சொல்லும் ரெசிஸ்டர் ஒரு மில்லிமீட்டர் நீளம், அரை மில்லிமீட்டர் அகலம். ஐசியின் கால்கள் வயிற்றுக்கு அடியில் உருண்டைகளாகப் போய்விட்டதால் சாதாரண அயர்ன் உதவாது. 2006 ஜூலை 1 முதல் ஐரோப்பாவில் ஈயம் கலந்த சால்டருக்குத் தடை வந்தது, உலகம் முழுக்கத் தயாரிப்பும் அதன் பின்னால் போனது. பழைய சால்டர் 183 டிகிரியில் உருகும்; புதியது உருக 217 டிகிரிக்கு மேல் வேண்டும்.

ஆனால் இவை எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. செட்டை மெஷின் செய்கிறது, பழுதை மனிதன்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. பொருளின் விலை இறங்கிக்கொண்டே போகிறது, மனிதனின் ஒரு மணி நேரம் மட்டும் அப்படி மலிவதில்லை. என்றைக்கு ரிப்பேர் கூலி புதுப் பொருளின் விலையை நெருங்குகிறதோ, அன்றோடு அந்தப் பொருளை யாரும் ரிப்பேருக்குக் கொண்டுவர மாட்டார்கள். உங்கள் உழைப்போ நேர்மையோ குறைந்ததால் வந்த நிலை இல்லை இது. இரவில் தூக்கம் வராமல் கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்காகவே இதைச் சொல்கிறேன்.

சந்தேகம் இருந்தால் உங்கள் வேலை நோட்டை எடுங்கள். மூன்று வருடத்துக்கு முன் ஒரு மாதம், இந்த வருடம் அதே மாதம். வந்த செட் எத்தனை என்று மட்டும் பார்க்காதீர்கள். எஸ்டிமேட் சொன்னதும் ‘அப்படியே கொடுத்துடுங்க’ என்று திரும்ப எடுத்துப் போனவை எத்தனை என்று எண்ணுங்கள். அந்த எண் ஏறிக்கொண்டே போனால், கூலியைக் குறைத்து அதைச் சரிசெய்ய முடியாது.

இத்தனை வருடம் கற்றது எல்லாம் வீண்தானா?

இந்தக் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்ல விரும்புகிறேன்.

நாம் கற்றதில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று, செட்டைப் பற்றிய ஞாபகம். இந்த மாடலில் இந்த ரெசிஸ்டர்தான் போகும், இந்த கம்பெனி போர்டில் இந்த மூலையில்தான் ட்ரை சால்டர் வரும் என்பது. அந்த ஞாபகத்துக்கு இனி வேலை இல்லை. அதை விடுவது வலிக்கும், ஆனால் விட்டுத்தான் ஆக வேண்டும்.

இன்னொன்று, பழுதைத் தேடும் முறை. ஒரு செத்த செட் மேஜைக்கு வருகிறது. பவர் சப்ளையில் வோல்டேஜ் இருக்கிறதா என்று பார்க்கிறீர்கள். இருந்தால் பாதி செட்டை மனதிலிருந்து தள்ளிவிடுகிறீர்கள். இல்லையென்றால் சப்ளையே போயிற்றா, அல்லது அடுத்த செக்ஷன் ஷார்ட் ஆகி அதை இழுத்துப் பிடிக்கிறதா என்று பிரிக்கிறீர்கள். லோடைக் கழற்றி, அதற்குப் பதில் பல்ப் போட்டுப் பார்க்கிறீர்கள். ஒரு பாகத்தை மாற்றும் முன், அது ஏன் போயிற்று என்று கேட்கிறீர்கள். டயகிராம் கிடைக்காதபோது போர்டைத் திருப்பிப் பாதையைப் பார்த்து நீங்களே வரைகிறீர்கள். இந்த வேலையை மனம் தானாகவே செய்வதால், இது ஒரு திறமை என்றே உங்களுக்குத் தோன்றாது. படித்துவிட்டு வந்த பலருக்கு இது வராது. போர்டை மாற்றிப் பார்ப்பார்கள். அதுவும் வேலை செய்யாவிட்டால் நின்றுவிடுவார்கள்.

நான் முதன்முதலில் ஒரு மோட்டார் டிரைவைத் திறந்தபோது பயந்துதான் திறந்தேன். உள்ளே பார்த்தால் பிரிட்ஜ் ரெக்டிஃபையர், பெரிய கண்டென்சர்கள், ஸ்விட்சிங் சப்ளை. 230 வோல்ட்டை டிசி ஆக்கினால் 325 வோல்ட் வரும் என்று நமக்குத் தெரியும். இதில் மூன்று ஃபேஸ் 400 வோல்ட் வருவதால் 565 வோல்ட் வரை ஏறுகிறது. அவ்வளவுதான் வித்தியாசம். கண்டென்சர் பத்து டிகிரி கூடுதல் சூட்டில் ஓடினால் அதன் ஆயுள் பாதியாகும் என்கிற நம் பழைய கணக்கு அங்கேயும் அப்படியே செல்லுபடியானது. ஃபேனில் தூசி அடைத்து, கண்டென்சர் வீங்கி, டிரைவ் நின்றிருந்தது. இதே பழுதை நான் கடையில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் எந்தத் துறைக்குப் போவது?

துறையின் பெயரைக் கேட்பதற்கு முன் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: அந்த மெஷின் நின்றுவிட்டால் ஒரு மணி நேரத்துக்கு யாருக்கு எவ்வளவு நஷ்டம்?

வீட்டு டிவி ஒரு வாரம் ஓடாவிட்டால் யாருக்கும் நஷ்டம் இல்லை. துணி ஆலையில் ஒரு டிரைவ் நின்றால் ஒரு வரிசையே நிற்கும். மருத்துவமனையில் ஒரு மானிட்டர் நின்றால் ஒரு படுக்கையைப் பயன்படுத்த முடியாது. லிஃப்ட், குளிர்பதனக் கிடங்கு, தண்ணீர் பம்ப், தரவு மையத்தின் யுபிஎஸ் எல்லாம் இந்த ரகம். அங்கே ரிப்பேர் கூலியைப் பொருளின் விலையோடு ஒப்பிட மாட்டார்கள், நின்றிருக்கும் நேரத்தின் விலையோடுதான் ஒப்பிடுவார்கள். ரிப்பேர் தொழில் வீட்டுப் பொருளை விட்டு இந்த மாதிரி இடங்களுக்குக் குடிபெயர்ந்திருக்கிறது என்பதுதான் என் அனுபவம். நாமும் அங்கே போக வேண்டும்.

தொழிற்சாலை எலக்ட்ரானிக்ஸ் என்றால் சரியாக என்ன வேலை? பிஎல்சி எல்லாம் எனக்கு வருமா?

டிரைவ், சர்வோ (துல்லியமாக நகரும் மோட்டார் அமைப்பு), பிஎல்சி (மெஷின்களை நிரல்படி இயக்கும் சிறு கணினி), சென்சார், வெல்டிங் மெஷின், எடை மெஷின், யுபிஎஸ். இரண்டு விதமாக உள்ளே போகலாம். ஆலையின் பராமரிப்புப் பிரிவில் சேர்வது ஒரு வழி. பல ஆலைகளிலிருந்து வரும் போர்டுகளைச் சரிசெய்யும் சர்வீஸ் சென்டரில் சேர்வது இன்னொரு வழி. நமக்கு இரண்டாவதுதான் சுலபம், ஏனென்றால் அதுவும் மேஜை வேலைதான்.

பிஎல்சியைக் கண்டு பயப்பட வேண்டாம். 1968இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம், தன் கார் ஆலையில் சுவர் முழுக்க இருந்த ரிலே பேனல்களுக்கு மாற்றாக ஒன்று வேண்டும் என்று கேட்டது. அதற்குப் பதிலாக வந்ததுதான் டிக் மோர்லியும் அவர் கூட்டாளிகளும் செய்த மோடிகான் என்ற பிஎல்சி. அதன் நிரலை லேடர் என்ற படமாக வைத்ததற்கே காரணம், ரிலே டயகிராம் படிக்கத் தெரிந்த எலக்ட்ரீஷியன் அதைப் படிக்க வேண்டும் என்பதுதான். டயகிராம் படித்துப் பிழைத்தவர்களுக்கு அது அந்நியமாக இருக்காது. மாலையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் இரண்டு, மூன்று மாதத்தில் அடிப்படை வந்துவிடும்.

புதிதாகப் பழக வேண்டியவை வேறு சில. சென்சாரிலிருந்து வரும் சிக்னல் 4 முதல் 20 மில்லி ஆம்பியர் என்று இருக்கும். பூஜ்ஜியத்தில் தொடங்காமல் ஏன் 4இல் தொடங்குகிறது? வயர் அறுந்தால் பூஜ்ஜியம் வரும்; அளவு உண்மையிலேயே குறைவாக இருந்தால் 4 வரும். இரண்டையும் பிரித்துச் சொல்வதற்காகத்தான். இதை முதலில் கேட்டபோது எனக்கு இருந்த சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது. பழுது தேடுபவனை மனதில் வைத்து யாரோ யோசித்திருக்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. டிரைவின் கண்டென்சர்கள் மின்சாரத்தை நிறுத்திய பிறகும் ஆளைக் கொல்லும் அளவுக்குச் சார்ஜ் வைத்திருக்கும். எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று உறையிலேயே எழுதியிருக்கும். சிறியதில் ஐந்து, பெரியதில் பதினைந்து என்று. காத்திருந்த பிறகும் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கை வையுங்கள்.

மருத்துவக் கருவி சர்வீஸ் நல்லது என்கிறார்களே?

நல்லதுதான், ஆனால் மனநிலை மாற வேண்டும். டிவி சேஸிஸைத் தொட்டால் லேசாகச் சுருக்கென்றது என்று நாம் அலட்சியமாகச் சொல்லியிருப்போம். இதயத்தோடு நேரடியாக இணையும் கருவியில் சாதாரண நிலையில் நோயாளி வழியாகப் போகக்கூடிய கசிவு மின்னோட்டத்துக்கான எல்லை 10 மைக்ரோ ஆம்பியர். ஒவ்வொரு பழுதுக்குப் பின்னும் கசிவை அளந்து, எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். ஐஈசி 62353 என்ற தரநிலை இதற்காகவே இருக்கிறது. எழுதாத வேலை செய்யாத வேலைதான் அங்கே.

அதனால் ‘ஓடுது, போதும்’ என்கிற பழக்கம் உள்ளவர்கள் இதற்குள் போக வேண்டாம். நிதானமும் எழுத்துப் பழக்கமும் இருந்தால், ரத்த அழுத்த மானிட்டர், சிரிஞ்ச் பம்ப், இன்ஃப்யூஷன் பம்ப், அறுவை விளக்கு போன்றவற்றில் தொடங்கலாம். எக்ஸ்ரே, சிடி ஸ்கேன் போன்ற பெரிய மெஷின்களைப் பெரும்பாலும் தயாரித்த நிறுவனமே பார்க்கும். அதற்கு முறையான பயிற்சியும் அனுமதியும் வேண்டும்.

சோலார், பேட்டரி வண்டி?

இரண்டிலும் வேலை இருக்கிறது. இரண்டிலும் நம் பழைய தைரியம் ஆபத்து.

சோலாரில் ஒரு பேனல் நாற்பது, ஐம்பது வோல்ட்தான். இருபதைத் தொடராக இணைத்தால் ஆயிரம் வோல்ட்டுக்குப் பக்கத்தில் போகிறது, அதுவும் டிசி. ஏசி மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் வினாடிக்கு நூறு தடவை பூஜ்ஜியத்தைத் தொடுவதால் அதில் எழும் தீப்பொறி அணைய வாய்ப்பு உண்டு. டிசி பூஜ்ஜியத்தைத் தொடுவதே இல்லை, பொறி எழுந்தால் நின்று எரியும். லோடு ஓடும்போது கனெக்டரைப் பிடுங்கக் கூடாது என்பது இதனால்தான். வெயில் இருக்கும்வரை பேனலை ஆஃப் செய்யவும் முடியாது. இன்வெர்ட்டர் ரிப்பேர் நமக்குப் பழகிய வேலை. கூரையில் ஏறிப் பொருத்தும் வேலை வேறு. முழங்காலையும் தோளையும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

பேட்டரி வண்டியில் இருசக்கர வாகனத்தின் பேக் பெரும்பாலும் 48 முதல் 72 வோல்ட். கார் என்றால் 400, சிலவற்றில் 800. லித்தியம் செல் ஒன்றின் முழு சார்ஜ் 4.2 வோல்ட், லித்தியம் இரும்பு பாஸ்பேட் (எல்எஃப்பி) வகையில் 3.65. அதைத் தாண்டாமலும் ரொம்பக் கீழே போகாமலும் பார்க்கும் பிஎம்எஸ் போர்டு, சார்ஜர், மோட்டார் கன்ட்ரோலர் மூன்றும் எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக்கின் வேலைகள். ஆனால் பேக்கைத் திறப்பதை யாராவது பக்கத்தில் நின்று கற்றுத்தரும்வரை செய்யாதீர்கள். தனியாக ஒருபோதும் செய்யாதீர்கள். செட்டில் ஃப்யூஸ் போனால் அமைதியாகிவிடும். தீப்பிடித்த செல்லை அப்படி நிறுத்த முடியாது.

சிசிடிவி, ஃபைபர், லிஃப்ட்?

சிசிடிவி, ஃபயர் அலாரம், கதவுக் கட்டுப்பாடு: சீக்கிரம் நுழையலாம். ஆனால் போட்டி அதிகம். மாதப் பராமரிப்பு ஒப்பந்தம் பிடித்தால்தான் வருமானம் நிலைக்கும். ஐபி முகவரி, சுவிட்ச், ரவுட்டர் அளவுக்கு நெட்வொர்க் தெரிய வேண்டும்.

ஃபைபர்: 125 மைக்ரான் கண்ணாடி இழை, அதன் நடுவே ஒளி போகும் பாதை 9 மைக்ரான். ஒட்டுவதை மெஷின் செய்கிறது. சுத்தமாக வெட்டித் துடைக்கும் கை நம்முடையது. சால்டரிங் பழகிய கைக்கு ஓரிரு வாரத்தில் வந்துவிடும்.

லிஃப்ட்: நிலையான வேலை. ஆனால் பெரும்பாலான நாடுகளில் உரிமம் வேண்டும், மெக்கானிக்கல் பாதியையும் கற்க வேண்டும்.

செல்போன் ரிப்பேருக்கு மாறிவிடலாமா?

டிஸ்பிளே, பேட்டரி மாற்றும் வேலையைச் சொல்கிறீர்கள் என்றால் வேண்டாம் என்பேன். அதில் நம் அனுபவத்துக்கு மதிப்பு இல்லை. ஒரு மாதம் பழகிய பையனும் நீங்களும் அங்கே ஒன்று. சில போன்களில் அசல் பாகத்தையே மாற்றினாலும், போனின் சாஃப்ட்வேர் அதை ஏற்காதபடி பூட்டி வைத்திருக்கிறார்கள்.

போர்டு லெவல் வேலை வேறு. மைக்ரோஸ்கோப்பின் கீழே ஷார்ட்டைக் கண்டுபிடிப்பது, ஐசியை எடுத்து மறுபடி பதிப்பது, செத்த போனிலிருந்து படங்களை மீட்டுக் கொடுப்பது. இங்கே வாடிக்கையாளர் போனுக்காக வருவதில்லை, அதற்குள் இருக்கும் குழந்தையின் படத்துக்காக வருகிறார். புதுப் பொருள் வாங்கி அதை ஈடுகட்ட முடியாது என்பதால் கூலிக்குத் தயங்க மாட்டார். நாற்பதுக்கு மேல் கிட்டத்தில் இருப்பதைப் பார்க்கக் கண் தடுமாறும், அதனால் மைக்ரோஸ்கோப்பில் பணத்தைச் சேமிக்காதீர்கள். சால்டரிங்கில் எழும் ஃப்ளக்ஸ் புகையை உறிஞ்சும் ஃபேனிலும் அப்படியே. அதிலுள்ள ரோசின் புகை வருடக்கணக்கில் உள்ளே போனால் ஆஸ்துமா வரலாம்.

பழைய வால்வ் ஆம்ப்ளிஃபையர், டர்ன்டேபிள் பார்த்துப் பிழைக்க முடியாதா? அதுதான் எனக்குப் பிடித்தது.

முடிகிறவர்கள் இருக்கிறார்கள். வினைல் தட்டுகள் திரும்பி வந்தபின் இந்த வேலை கூடியிருக்கிறது. வாடிக்கையாளர்கள் பொறுமையானவர்கள், நல்ல வேலைக்குப் பணம் தருவார்கள். ஆனால் ஒரு ஊரில் இத்தனை பேர்தான் இருப்பார்கள், எல்லா மெக்கானிக்குக்கும் இடம் கிடைக்காது. வேறு வேலையில் சம்பளம் வாங்கிக்கொண்டு வார இறுதியில் செய்யுங்கள் என்பதுதான் என் யோசனை. நானும் மாதத்துக்கு ஒன்று, இரண்டு ரேடியோ இப்போதும் பார்க்கிறேன். கை அதைக் கேட்கிறது.

புரோகிராமிங் கற்று ஐடிக்குப் போகலாமா?

முழுக்க அந்தப் பக்கம் தாவினால், இருபத்திரண்டு வயதில் அதையே படித்துவிட்டு வருபவர்களோடு முதல் படியில் நிற்க வேண்டும். இருபது வருட அனுபவத்தை வாசலில் விட்டுவிட்டு ஏன் போக வேண்டும்?

ஆனால் ஹார்ட்வேரோடு கொஞ்சம் நிரல் தெரிந்தால் மதிப்பு பல மடங்கு ஏறும். ஆர்டுயினோ என்ற சிறு நிரல் போர்டு 2005இல் இத்தாலியில், எலக்ட்ரானிக்ஸ் படிக்காத மாணவர்களுக்காக வந்தது. நமக்கு அது விளையாட்டு மாதிரி இருக்கும். அதிலிருந்து சி மொழிக்கு மெல்ல நகரலாம். புதிய பொருள்களை வடிவமைக்கும் நிறுவனங்களில் மாதிரி போர்டுகளைச் சால்டர் செய்து, உயிர் கொடுத்து, பழுது தேடித் தரும் டெக்னீஷியன் தேவைப்படுவார். வடிவமைத்த இன்ஜினியருக்கு அது ஏன் வேலை செய்யவில்லை என்று தெரியாத நேரங்கள் நிறைய வரும்.

என்னிடம் சர்டிஃபிகேட் எதுவும் இல்லை. யார் வேலை கொடுப்பார்கள்?

இது நியாயமான பயம். இரண்டு வேலை செய்யுங்கள்.

முதலில், நீங்கள் கண்டுபிடித்த கடினமான பழுதுகளில் முப்பதை எழுதுங்கள். என்ன அறிகுறி, என்ன சந்தேகப்பட்டீர்கள், எதை அளந்து எதைத் தள்ளினீர்கள், கடைசியில் எது காரணம். நாலு, ஐந்து வரி போதும். ‘டிவி மெக்கானிக், 18 வருட அனுபவம்’ என்று ஒரு வரியாகப் போனால் ஒதுக்கிவிடுவார்கள். ‘ஸ்விட்சிங் பவர் சப்ளை பழுது நீக்கம், டயகிராம் இல்லாமல் போர்டிலிருந்து சர்க்யூட் வரைதல், ஆசிலோஸ்கோப், மிக உயர் மின்னழுத்தத்தில் பாதுகாப்பாக வேலை செய்த அனுபவம்’ என்று எழுதுங்கள். ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை. அதே வேலையை அவர்கள் பாஷையில் சொல்கிறீர்கள்.

அப்புறம், சால்டரிங் தரத்துக்கு உலகம் முழுக்க ஏற்கும் ஐபிசி சான்றிதழ்கள் உண்டு. ஐபிசி-ஏ-610 என்பது போர்டு நன்றாக இருக்கிறதா என்று மதிப்பிட, 7711/7721 என்பது போர்டில் பாகத்தை எடுத்து மாற்றும் ரீவொர்க்குக்கு. சில நாள் பயிற்சி, தேர்வு, இரண்டு வருடத்துக்குச் செல்லும். கை ஏற்கனவே பழகியிருப்பதால் நமக்கு இது எட்டாத உயரம் இல்லை.

நேர்முகத்தில் ஒரு போர்டைக் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நான் அப்படித்தான் கேட்டேன். தெரியாததைக் கேட்டால் ‘தெரியாது, ஆனால் இங்கிருந்து தேட ஆரம்பிப்பேன்’ என்று சொல்லி, உண்மையிலேயே ஆரம்பியுங்கள்.

எனக்கு வயது 48. என்னைவிட இருபது வயது சின்னவரிடம் கைகட்டி நிற்க வேண்டுமா?

முதல் ஒரு வருடம் அப்படித்தான் இருக்கும். எனக்கும் கஷ்டமாக இருந்தது. சொந்தக் கடையில் ‘அண்ணே’ என்று கூப்பிட்டு வந்தவர்கள் நிறைய, புது இடத்தில் நான் கடைசி ஆள். என்னைப் பழக்கிய பையனுக்கு டிரைவின் பாராமீட்டர் எல்லாம் அத்துப்படி, ஆனால் ஷார்ட் எங்கே என்று தேடத் தெரியாது. அவன் எனக்கு அதைச் சொன்னான், நான் அவனுக்கு இதைச் சொன்னேன். ஆறு மாதத்தில் ஒரே மேஜையில் சாப்பிட்டோம். அவனைத் தம்பி என்று கூப்பிடத் தொடங்கிய பிறகு என் மனதிலிருந்த முள் போய்விட்டது.

பயிற்சி நிலையங்கள் பெரிய தொகை கேட்கின்றன. கட்டலாமா?

கட்டும் முன் போய் உட்கார்ந்து பாருங்கள். ஒரு மாணவர் மெஷினில் கை வைக்கும் நேரம் வாரத்துக்கு எத்தனை மணி? ஒரு மெஷினுக்கு எத்தனை பேர்? முன்பு படித்தவர் இரண்டு பேரிடம் பேச விடுவார்களா? இதற்கு நேரான பதில் வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ‘நூறு சதவீதம் வேலை உறுதி’ என்று போட்டிருந்தால் உள்ளேயே போகாதீர்கள். நான் ஒரு இடத்தில் கட்டிய பணம் முழுக்கப் போனது. மூன்று மாதம் கரும்பலகையைத்தான் பார்த்தேன், ஒரு டிரைவைக்கூடத் திறக்கவில்லை.

பழைய, பழுதான டிரைவ் இரண்டை வாங்கித் திறந்து பார்ப்பது அதைவிட மலிவு, அதைவிட நல்ல பள்ளிக்கூடம்.

கடையை உடனே மூடிவிட வேண்டுமா?

வேண்டாம். முதலில் புது வேலை எதுவும் எடுக்காத நாள் வாரத்தில் ஒன்று வையுங்கள், அது கற்பதற்கு. அப்புறம் அரை நாள் கடை. வாடகை ஒப்பந்தம் முடியும் தேதியை நோக்கித் திட்டமிடுங்கள். ஆறு மாதக் குடும்பச் செலவு கையில் இல்லாமல் சம்பள வேலையை மறுக்காதீர்கள், சம்பளம் குறைவாக இருந்தாலும். வட்டிக்கு வாங்கிக் கடையைத் தூக்கி நிறுத்த முயன்றவர்கள் கடையோடு வீட்டையும் இழந்ததைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

வாங்காமல் கிடக்கும் செட்டுகளின் சொந்தக்காரர்களுக்கு எழுத்தில் தகவல் கொடுத்து, தேதி சொல்லுங்கள். கடையில் வேலை கற்றுக்கொண்டிருக்கும் பையன் இருந்தால் அவனிடம் கடைசியில் சொல்லாதீர்கள், முதலில் சொல்லுங்கள். அவனும் வழி தேட வேண்டும்.

வீட்டிலும் மறைக்காதீர்கள். கடையில் ஆள் இல்லாமல் உட்கார்ந்துவிட்டு, வேலை அதிகம் என்று சொல்லி வீட்டுக்குப் போன மாதங்கள் எனக்கு உண்டு. சொன்ன அன்றைக்கு என் மனைவி கேட்டது ஒன்றுதான்: ‘இதை ஏன் இத்தனை நாள் தனியா தூக்கிட்டு இருந்தீங்க?’

ரைட் டு ரிப்பேர் (பழுதுபார்க்கும் உரிமை) சட்டங்கள் வருகின்றனவே, தொழில் திரும்பி வருமா?

நல்ல சட்டங்கள், மனதார வரவேற்கிறேன். பிரான்ஸ் 2021இல் பொருளின் மேலேயே ரிப்பேர் மதிப்பெண் போட வைத்தது. நியூயார்க் மாநிலத்தில் 2022 டிசம்பரில் சட்டம் கையெழுத்தானது. பாகத்தைச் சாஃப்ட்வேரால் பூட்டுவதற்கு ஓரிகன் மாநிலம் 2024இல் தடை போட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் கொண்டுவந்த விதியை உறுப்பு நாடுகள் 2026 ஜூலை 31 முதல் நடைமுறைப்படுத்த வேண்டும். 2022இல் மட்டும் உலகில் 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது 22.3 சதவீதம்தான் என்று ஐநா அறிக்கை சொல்கிறது. இந்தச் சட்டங்கள் அதற்காகவாவது வேண்டும்.

ஆனால் சட்டம் பாகத்தையும் மேனுவலையும் கொண்டுவரும். கூலிக்கும் புதுப் பொருளின் விலைக்கும் உள்ள கணக்கை அது மாற்றாது. வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ் போன்ற பெரிய பொருள்களில் வேலை கூடலாம். அதை நம்பி மூன்று வருடம் காத்திருக்காதீர்கள்.

கடையில் இருக்கும் சாமான்களை என்ன செய்வது?

பழைய டிரான்சிஸ்டர், வால்வ், ஃப்ளைபேக், டெக் பெல்ட், ஹெட் எல்லாவற்றையும் எண் பார்த்துப் பட்டியல் போடுங்கள். எடைக்குப் போடாதீர்கள். தயாரிப்பு நின்றுபோன பாகங்களைத் தேடி அலைகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். சர்வீஸ் மேனுவல்களை ஸ்கேன் செய்துவிட்டு யாருக்காவது கொடுங்கள்.

பிக்சர் டியூபை உடைக்காதீர்கள், செம்புக் காயிலுக்காகக் கழுத்தைத் தட்டவும் விடாதீர்கள். அது வெற்றிடம், உடைந்தால் கண்ணாடி உள்நோக்கி வெடித்துச் சிதறும். பின்பக்கக் கூம்புக் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது, திரையின் உட்பூச்சைக் கை படத் தொடக்கூடாது. அனுமதி பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் முழுதாகக் கொடுங்கள். கொடுக்கும் முன் டியூபின் உயர் மின்னழுத்த முனையான ஆனோடை டிஸ்சார்ஜ் செய்யுங்கள், ஒரு தடவைக்கு இரண்டு தடவை.

ஆசிலோஸ்கோப், கண்டென்சரைச் சோதிக்கும் இஎஸ்ஆர் மீட்டர், ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் மூன்றையும் விற்க வேண்டாம், எந்தத் துறைக்குப் போனாலும் கூட வரும். மின்சார வழியில் தொடராகப் பல்ப் வைத்த சீரீஸ் போர்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். சரிசெய்த டிரைவுக்கு முதன்முதலாக மின்சாரம் கொடுக்கும்போது நான் இன்றைக்கும் அந்தப் பல்பைப் பார்த்துக்கொண்டுதான் சுவிட்சைப் போடுகிறேன். ஒரு கணம் எரிந்து மங்கினால் சரியாக இருக்கிறது, பளிச்சென்று நின்றால் இன்னும் ஷார்ட் இருக்கிறது.